கேமராவுக்குள் ஏன் கடகடக்கிறது?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு வளைவுகளில் பைக்கில் ஏறி, பெரியார் அருவியைப் படமெடுக்கப் பையைத் திறக்கிறீர்கள். கேமராவைக் கையில் எடுத்ததும் உள்ளே ஏதோ ஆடுகிறது. உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நம் கை நடுங்கினாலும் படம் கலங்காமலிருக்க, பல லென்ஸ்களுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதி அசையும்படியே வைக்கப்பட்டிருக்கிறது. நடுக்கத்தை உணரி கண்டறிந்ததும், மின்காந்த விசை அந்தக் கண்ணாடியை எதிர்த்திசையில் நகர்த்துகிறது. கேனான் 1995இல் இவ்வசதியை எஸ்எல்ஆர் லென்ஸில் கொண்டுவந்தது. மினோல்டா 2003இல் படத்தைப் பதியும் சென்சாரையே அசைய வைத்தது. மின்சாரம் நின்றதும் பிடி தளர்ந்து, அந்த உறுப்பு ஆடத் தொடங்குகிறது. சத்தம் அதனுடையதுதான்.

சோதிப்பது எளிது. கேமராவை இயக்கி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சத்தம் நின்றால் கவலையில்லை. நிற்காமல் கடகடத்தாலோ, படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கினாலோ திருகு கழன்றிருக்கலாம். குண்டும் குழியுமான சாலையின் தொடர் அதிர்வில், திருகை இறுக்கிப் பிடிக்கும் உராய்வு சிறிது சிறிதாகக் குறையும். கழன்ற திருகு மின்பலகையில் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். அதனால் உடனே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பயணத்தில் கேமராவைப் பெட்ரோல் டேங்க் மேல் வைக்காமல், மெத்தை வைத்த பையில் போட்டு முதுகில் மாட்டுவது நல்லது; உடல் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

நீங்களே திறக்க வேண்டாம். ஃபிளாஷ் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கலாம். பேட்டரியை எடுத்த பிறகும் அது ஷாக் அடிக்கும்.