சர்ஜன்களுக்கே கிளாஸ் எடுத்த தச்சர்! ஒரு நல்ல பேராசிரியரை யார் கண்டுபிடிக்கிறார்கள்?

செப்டம்பர் 5 வந்தால் ஸ்டேட்டஸ் முழுக்க 'ஹேப்பி டீச்சர்ஸ் டே'. ஜூலை 1 வந்தால் 'ஹேப்பி டாக்டர்ஸ் டே'. இந்த ரெண்டு நாளுக்கும் சேர்த்தே உரிமை கொண்டாடக்கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது. டாக்டர்களை உருவாக்கும் டாக்டர்கள், அதாவது மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள். உங்கள் ஃபிரெண்ட் யாராவது எம்.பி.பி.எஸ் படித்தால் கேட்டுப்பாருங்கள். 'எங்க சீஃப் இருக்காரே...' என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். பாதி பயம், பாதி பக்தி!

சரி, இவர்களில் 'மிகச் சிறந்தவர்' யார் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? யார் முடிவு செய்கிறார்கள்? கேள்வி சிம்பிளாகத்தான் தெரியும். ஆனால், உலகப் புகழ்பெற்ற ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமே இதற்குச் சரியான பதில் சொல்ல 30 வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

ஒரே ஆள், மூணு வேலை

மருத்துவத் துறைப் பேராசிரியருக்கு மற்ற துறைகளில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அவர் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும், பாடமும் எடுக்க வேண்டும். முதல் ரெண்டையும் எண்ணிவிடலாம். இத்தனை ஆபரேஷன், இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை என்று கணக்கு காட்டலாம். மூணாவதை எப்படி எண்ணுவது? அவர் இன்று வார்டில் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம், பத்து வருஷம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு டாக்டரின் கை வழியாக ஒரு உயிரைக் காப்பாற்றும். அது எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது.

அதனால்தான் பல்கலைக்கழகங்கள் பாராட்டுக்கென்று சில வழிகளை வைத்திருக்கின்றன. பதவி உயர்வு ஒன்று. ஒருவர் பெயரில் அறக்கட்டளைப் பேராசிரியர் பதவியை உருவாக்குவது இன்னொன்று. ஆண்டுதோறும் நினைவுச் சொற்பொழிவு, கௌரவ டாக்டர் பட்டம், மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தரும் 'பெஸ்ட் டீச்சர்' விருது, கட்டடத்தின் சுவரில் பெரிய ஓவியம் என்று பட்டியல் நீளும். இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சில கௌரவங்கள் மேலே இருந்து நிர்வாகம் தருவது. சில கௌரவங்கள் கீழே இருந்து மாணவர்கள் தருவது. ரெண்டும் எப்போதும் ஒரே ஆளைக் கைகாட்டுவதில்லை.

வார்டுதான் வகுப்பறை

இடம், அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1893-ல் தொடங்கியது. மருத்துவக் கல்வியில் இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் பல பழக்கங்கள் பரவியதற்கு இந்தக் கல்லூரி முக்கியக் காரணம். அங்கே மருத்துவத் துறையின் தலைவராக இருந்த வில்லியம் ஆஸ்லர், மாணவர்களை லெக்சர் ஹாலில் இருந்து கிளப்பி நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். 'வார்டில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன்' என்று தன்னை நினைவில் வைத்திருந்தால் போதும் என்பது அவர் விருப்பம். அறுவை சிகிச்சைத் துறையின் வில்லியம் ஹால்ஸ்டெட், படிப்பு முடித்த இளம் டாக்டர்கள் மருத்துவமனையிலேயே பல வருஷம் இருந்து, படிப்படியாகப் பொறுப்பு ஏற்றுக் கற்கும் 'ரெசிடென்சி' முறையை அங்கே அமைத்தார். இன்று நம்ம ஊர் மருத்துவமனைகளில் தூக்கம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பி.ஜி டாக்டர்களின் பயிற்சிக்கு இதுவும் ஒரு வேர்.

ஆக, ஆசிரியர்களைக் கொண்டாடுவதில் குறை வைக்காத இடம் அது. சுவரெல்லாம் பேராசிரியர்களின் ஓவியங்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு 1941-ல் ஒரு லேப் உதவியாளர் வந்து சேர்ந்தார். பெயர், விவியன் தாமஸ்.

கையில் உளி, கனவில் ஸ்டெதஸ்கோப்

1910-ல் பிறந்தவர் தாமஸ். கறுப்பினத்தவர். நாஷ்வில் நகரில் வளர்ந்தார். தச்சு வேலை தெரியும். அதில் சம்பாதித்துச் சேமித்து, டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது பிளான். அந்த நேரம் பார்த்து அமெரிக்கப் பொருளாதாரமே சரிந்தது. பின்னாளில் வங்கியும் திவாலாகி, சேமிப்பு மொத்தமும் போனது.

பிழைப்புக்காக 1930-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரெட் பிளாலக் என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் லேபில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே விலங்குகளுக்கு ஆபரேஷன் செய்யப் பழகிவிட்டார். தச்சு வேலையில் பழகிய கை அல்லவா... அளவு பிசகாது. செய்தது ஆராய்ச்சியாளர் வேலை. ஆனால், பதிவேட்டில் இருந்த பதவி துப்புரவுப் பணியாளர். சம்பளமும் அதற்கேற்றதுதான்.

பிளாலக் ஹாப்கின்ஸுக்கு மாறியபோது தாமஸையும் கூட்டிக்கொண்டு போனார். நிறவெறி சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்த காலம். வெள்ளை கோட் போட்ட ஒரு கறுப்பினத்தவர் அந்த வராண்டாவில் நடந்தாலே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைகளைத் தவிர்க்க, லேபைவிட்டு வெளியே போகும்போது கோட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் போவாராம் தாமஸ்.

நீலக் குழந்தைகள்

அதே மருத்துவமனையில் குழந்தைகள் இதய நோய்ப் பிரிவை நடத்திவந்தவர் ஹெலன் டௌசிக். இளம் வயதிலேயே காது கேட்கும் திறன் குறைந்துபோனதால், குழந்தையின் மார்பில் கை வைத்தே இதயத்தின் ஓசையை உணரப் பழகியவர். அவரைத் தேடிவந்த குழந்தைகளில் பலரின் உதடும் விரலும் நீலம் பாரித்திருக்கும். நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கிக் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

காரணம், பிறவியிலேயே இதயத்தில் இருந்த கோளாறு. இதயத்துக்குள் ஒரு ஓட்டை, கூடவே நுரையீரலுக்குப் போகும் வழியில் ஒரு குறுகல். வீட்டுக்குத் தண்ணீர் வரும் பைப் பாதி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதேதான். போதுமான ரத்தம் நுரையீரலுக்குப் போகாது, ஆக்சிஜன் ஏறாது, உடம்பு நீலமாகும். பல குழந்தைகள் பெரியவர்களாகும் முன்பே இறந்துவிடுவார்கள்.

டௌசிக் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் தற்செயலாகத் திறந்தே இருக்கும் நீலக் குழந்தைகள் மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கிறார்கள். அப்படியானால், அதேபோல ஒரு மாற்றுவழியை நாமே உண்டாக்கினால் என்ன? இந்தக் கேள்வியோடு பிளாலக்கிடம் போனார்.

பிளாலக் அந்த வேலையைத் தாமஸிடம் ஒப்படைத்தார். முதலில் நாய்களிடம் அந்தக் கோளாறை உண்டாக்க வேண்டும், பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். கைக்குப் போகும் தமனியை வெட்டித் திருப்பி, நுரையீரலுக்குப் போகும் தமனியில் இணைப்பதுதான் வழி. அவ்வளவு மெல்லிய குழாய்களைத் தைக்கச் சரியான ஊசிகூட கிடையாது. இருக்கிற ஊசியை வெட்டி, தீட்டி, தானே தயார் செய்துகொண்டார் தாமஸ். ஏறக்குறைய 200 நாய்களிடம் சோதனை நடந்தது. நீண்ட நாள் உயிரோடு இருந்த அன்னா என்ற நாயின் ஓவியம்கூட ஹாப்கின்ஸ் சுவரில் ஏறியது. தாமஸின் ஓவியம்? பொறுங்கள்.

ஸ்டூல் மேல் நின்ற குரு

1944 நவம்பர் 29. எய்லீன் சாக்ஸன் என்ற 15 மாதக் குழந்தை ஆபரேஷன் டேபிளில். கத்தியைப் பிடித்திருப்பவர் பிளாலக். ஆனால், அந்த ஆபரேஷனைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியிருந்தவர் தாமஸ்தான். அதனால் தாமஸ் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றார் பிளாலக். பிளாலக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் நின்றபடி ஒவ்வொரு தையலையும் கவனித்துச் சொல்லிக்கொண்டே வந்தார் தாமஸ். துறைத் தலைவருக்கே தியேட்டருக்குள் ஒரு டீச்சர்!

குழந்தை பிழைத்தது. நிரந்தரமாக அல்ல. சில மாதங்களில் மறுபடி நீலம் பாரித்து, இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துவிட்டது. ஆனால், வழி திறந்துவிட்டது. அடுத்தடுத்த குழந்தைகள் டேபிளிலேயே நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறினார்கள். பல நாடுகளிலிருந்தும் பெற்றோர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோர் வந்தார்கள். அந்த வழியை அறிய உலகெங்கும் இருந்து சர்ஜன்களும் வந்தார்கள்.

1945-ல் மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. ஆசிரியர்கள் பிளாலக், டௌசிக். தாமஸின் பெயர் எங்கும் இல்லை. சிகிச்சைக்கும் 'பிளாலக் - டௌசிக் ஷன்ட்' என்றே பெயர் வந்தது.

காலையில் குரு, மாலையில் சர்வர்

இந்த இடத்தில்தான் நம்முடைய கேள்வி சூடு பிடிக்கிறது. ஹாப்கின்ஸில் பயிற்சிக்கு வந்த இளம் சர்ஜன்கள், ரத்தக்குழாயைத் தைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டது யாரிடம்? தாமஸின் லேபில். அவர்களில் ஒருவர் டென்டன் கூலி. பின்னாளில், 1969-ல், முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செயற்கை இதயம் பொருத்தியவர்.

அப்படிப்பட்டவர்களுக்குப் பாடம் எடுத்தவருக்கு வீட்டுச் செலவுக்குச் சம்பளம் பத்தவில்லை. பிளாலக் வீட்டு விருந்துகளில் பானம் பரிமாறும் வேலையும் பார்த்தார். பகலில் தன்னிடம் கற்றுக்கொண்ட டாக்டர்களுக்கே சாயங்காலம் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். நினைத்துப் பாருங்கள், எப்படி இருந்திருக்கும்? பிறகுதான் சம்பளம் சரிசெய்யப்பட்டது.

கல்லூரியில் சேர்ந்து முறையாகப் படிக்கவும் விசாரித்தார். அத்தனை வருஷ அனுபவத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை, முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். டாக்டராகி வெளியே வரும்போது 50 வயதாகிவிடும். அந்தக் கனவை அத்தோடு விட்டுவிட்டார்.

மாணவர்கள் மாட்டிய ஓவியம்

பிளாலக் 1964-ல் இறந்தார். தாமஸ் அதே லேபில் தொடர்ந்தார். 1971-ல் ஒரு விஷயம் நடந்தது. அமெரிக்கா முழுக்கப் பெரிய பதவிகளில் இருந்த அவருடைய பழைய மாணவர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் ஆசிரியரின் ஓவியத்தை வரையச் செய்து பல்கலைக்கழகத்துக்கு அளித்தார்கள். பிளாலக்கின் ஓவியம் இருந்த கட்டடத்திலேயே அதுவும் மாட்டப்பட்டது.

நிர்வாகம் தந்த கௌரவம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1976-ல் கௌரவ டாக்டர் பட்டம். அதுவும் மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில்! ஆனால், இனி எல்லோரும் அவரை 'டாக்டர் தாமஸ்' என்று கூப்பிடலாம். அறுவை சிகிச்சைத் துறையின் ஆசிரியர் பட்டியலிலும் அப்போதுதான் அவர் பெயர் சேர்ந்தது. அந்த வளாகத்தில் கால் வைத்து 35 வருஷம் கழித்து. மூன்றே வருஷத்தில் ரிட்டயர்மென்ட்.

டௌசிக் கதையும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். உலகமே தேடிவந்த அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1959-ல்தான். அந்த முதல் ஆபரேஷன் முடிந்து 15 வருஷம் ஆகியிருந்தது!

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மருத்துவ உலகில் பலர் அந்தச் சிகிச்சையை 'பிளாலக் - தாமஸ் - டௌசிக் ஷன்ட்' என்றே குறிப்பிடுகிறார்கள். 2005-லிருந்து ஹாப்கின்ஸ் மருத்துவ மாணவர்கள் நான்கு 'காலேஜ்'களாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஹாரி பாட்டர் ஹவுஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதில் ஒன்றுக்குத் தாமஸ் பெயர், இன்னொன்றுக்கு டௌசிக் பெயர். தாமஸ் - பிளாலக் கதை 2004-ல் எச்.பி.ஓ.வில் படமாகவும் வந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

மருத்துவம், நர்ஸிங், ஃபார்மஸி, இன்ஜினீயரிங்... நீங்கள் எது படித்தாலும் இதில் உங்களுக்கு விஷயம் இருக்கிறது.

பதவியை மட்டும் பார்க்காதீர்கள். முதன்முதலில் ஊசி போடக் கைப்பிடித்துச் சொல்லித்தந்த ஸ்டாஃப் நர்ஸ், மைக்ரோஸ்கோப்பில் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டிய லேப் டெக்னீஷியன், நடுராத்திரி டவுட் கேட்டாலும் எரிந்துவிழாத சீனியர்... இவர்களும் உங்கள் ஆசிரியர்கள்தான்.

பாராட்டும்போது குறிப்பாகச் சொல்லுங்கள். 'கிரேட் டீச்சர் சார் நீங்க' என்பது யாருக்கும் பொருந்தும். 'இதய ஓசையைக் கேட்கும்போது அவசரப்படாதேன்னு அன்னிக்குச் சொன்னீங்க, நேத்து அதுதான் சார் கைகொடுத்தது' என்பது அவருக்கு மட்டுமே பொருந்தும். கல்லூரியில் ஆசிரியர்களைப் பற்றிக் கருத்துக் கேட்டுப் படிவம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்காமல், ரெண்டு வரி எழுதுங்கள். எண்ண முடியாத அந்த மூணாவது வேலைக்குச் சாட்சி சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது.

முக்கியமாக, தள்ளிப்போடாதீர்கள். தாமஸ் 1985 நவம்பரில் காலமானார். அவர் எழுதிய சுயசரிதை அச்சாகி வெளிவந்தது அதற்குச் சில நாள்கள் கழித்துத்தான். ஆனால், மாணவர்கள் மாட்டிய அந்த ஓவியத்தின் முன்னால் அவரே வந்து நின்றார். அதற்குப் பிறகும் 14 வருஷம் வாழ்ந்தார். உங்கள் லிஸ்ட்டில் முதலில் வரும் பெயர் யாருடையது? போன் கையில்தானே இருக்கிறது, ஒரு கால் பண்ணிவிடுங்கள்.