கடைசி எதிரி மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில், முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் ஷூட்டிங் கேம் ஒன்றைப் பதிந்து விடுவார்கள். திரையின் அடியில் உங்கள் விமானம். மேலிருந்து எதிரிகள் வரிசை வரிசையாக இறங்குவார்கள். அம்புக்குறி கீகளால் நகர வேண்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் குண்டு பாயும். இதற்கு மேல் கற்றுக் கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றே நிமிடத்தில் “கேம் ஓவர்” என்று வந்து நிற்கும். கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று பலரும் அத்துடன் மூடி விடுகிறார்கள். உண்மையில் அது ஏமாற்றுகிறதா? சில இடங்களில் ஆமாம், பல இடங்களில் இல்லை. எது எது என்று தெரிந்து கொண்டால் விளையாட்டின் சுவையே வேறாகிவிடும்.

இவ்வகை கேம்களுக்கெல்லாம் வழிகாட்டி 1978ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ். இதனை வடிவமைத்தவர் டொமோஹிரோ நிஷிகாடோ. 5 வரிசை, வரிசைக்கு 11 பேர், ஆக மொத்தம் 55 எதிரிகள். அதில் இருந்த இன்டெல் 8080 ப்ராசசரின் வேகம் வெறும் 2 மெகா ஹெர்ட்ஸ். 55 பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்த அதனால் முடியவில்லை. எனவே திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஓர் எதிரி மட்டுமே நகர்வான். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அப்படியானால் முழுப்படையும் ஓர் அடி நகர ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். பாதிப் பேரைச் சுட்டுவிட்டால்? அரை விநாடி. ஒருவன் மட்டும் மிஞ்சினால், ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அவனே நகர்வான். கடைசி எதிரி தலைதெறிக்க ஓடுவதன் ரகசியம் இதுதான். நிஷிகாடோ இதைச் சரி செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். நீங்கள் நன்றாக ஆட ஆட ஆட்டம் கடினமாகும் என்ற விதி, இப்படி ஒரு ப்ராசசரின் இயலாமையிலிருந்து பிறந்தது!

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் குண்டு ஒன்று திரையில் இருக்கும் வரை அடுத்ததைச் சுட முடியாது. குறி தவறினால் அது மேலே போய் மறையும் வரை வெறும் கையோடு காத்திருக்க வேண்டும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு தட்டுபவருக்கு ஆட்டம் கடினம். பார்த்துச் சுடுபவருக்கு எளிது. ஓரத்தில் உள்ள வரிசைகளை முதலில் காலி செய்தால், படை சுவரைத் தொட்டுக் கீழே இறங்க அதிக நேரம் பிடிக்கும். மேலே அவ்வப்போது பறந்து போகும் தட்டுக்கு 300 பாயிண்ட் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று நினைப்போம். அதுவும் இல்லை. உங்களுடைய 23வது குண்டிலும், பின்னர் ஒவ்வொரு 15வது குண்டிலும் அதனை அடித்தால் 300 உறுதி.

1981ல் நாம்கோ வெளியிட்ட கேலகா எனக்கு மிகவும் பிடித்தது. பாஸ் எதிரி ஒன்று ஒளிக்கற்றையை வீசி உங்கள் விமானத்தை இழுத்துச் சென்றுவிடும். ஓர் உயிர் போச்சு. ஆனால் அது தாழப் பறந்து வரும்போது பாஸைச் சுட்டு வீழ்த்தினால், பிடிபட்ட விமானம் திரும்பி வந்து உங்களுடன் ஒட்டிக் கொள்ளும். இப்போது இரட்டைக் குண்டு. கூடவே, அடி வாங்கும் உடம்பும் இரண்டு மடங்கு அகலம். இதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். கையில் ஒரே விமானம் மிச்சமிருக்கும்போது இந்த ஆசை வேண்டாம். அதுவும் பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது.

சரி, ஏமாற்று வேலை எங்கே? காசில். இந்த கேம்கள் எல்லாம் கடைகளில் பெட்டியாக நின்று காசு தின்றவை. ஒருவரே ஒரு காசுக்கு ஒரு மணி நேரம் ஆடினால் கடைக்காரருக்குக் கட்டாது. அதே சமயம் அரை நிமிடத்தில் கொன்றுவிட்டால் யாரும் திரும்பி வர மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடினத்தை அளந்து வைத்தார்கள். சில நிறுவனங்கள் அளவு மீறின. கோனாமியின் கிரேடியஸ் (1985) ஆடியவர்களுக்குத் தெரியும். வேகம், ஏவுகணை, லேசர் என்று பாடுபட்டுச் சேர்த்த ஆயுதம் எல்லாம் ஒரு முறை செத்தால் போய்விடும். கடினமான கட்டத்தின் நடுவே வெறும் துப்பாக்கியுடன் நிற்பீர்கள். மறுபடி ஒரு காசு! இந்த கேமை 1986ல் வீட்டு வீடியோ கேம் சாதனத்துக்கு மாற்றியவர் கசுஹிசா ஹாஷிமோடோ. சோதித்துப் பார்க்கையில் அவருக்கே கடினமாக இருந்ததால், எல்லா ஆயுதங்களும் உடனே கிடைக்க ஒரு குறுக்கு வழியை உள்ளே வைத்தார். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. பின்னர் இதே வரிசைதான் கான்ட்ரா கேமில் 30 உயிர் தந்தது. தொண்ணூறுகளில் டிவியில் கான்ட்ரா ஆடி வளர்ந்த நம் ஊர்ப் பையன்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்து வந்தவர்கள் வேறு வழியில் யோசித்தனர். கம்பைல் நிறுவனத்தின் ஜனாக் (1986) நீங்கள் ஆடும் விதத்தைக் கணக்கிட்டு எதிரிகளை அனுப்பும். சும்மா சும்மா சுட்டுத் தள்ளினால் கூட்டம் அதிகமாகும். 1990களில் திரை முழுக்கக் குண்டு மழை பொழியும் கேம்கள் வந்தன. கேவ் நிறுவனத்தின் டான்பாச்சி (1995) போன்றவற்றைப் பார்த்தாலே பயமாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலான குண்டுகள் மெதுவாக வருபவை. அத்துடன் உங்கள் விமானத்தின் நடுவில் உள்ள சிறு புள்ளியில் பட்டால்தான் உயிர் போகும். இறக்கையில் உரசினால் ஒன்றும் ஆகாது. பார்வைக்கு மலை, ஏறினால் மேடு.

இவற்றைத் தாக்குப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்களைக் குறி வைத்து வரும் குண்டு, சுடப்பட்ட நேரத்தில் நீங்கள் இருந்த இடத்துக்கே வரும். எனவே அங்கும் இங்கும் பாயாமல் சிறிது நகர்ந்தால் போதும். காந்திபுரத்தில் சாலையைக் கடப்பவர் பஸ்ஸையே பார்த்துக் கொண்டிருப்பதில்லை. இரண்டு பஸ்ஸுக்கு நடுவே உள்ள சந்தைப் பார்ப்பார். இங்கும் அப்படியே. குண்டைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் தோற்றால், உங்கள் கம்ப்யூட்டரையே சந்தேகப்படலாம். சூலூரில் இருக்கும் என் அக்கா மகன், “இடது மேல் மூலைக்குப் போனா துப்பாக்கி நின்னு போகுதுங்க மாமா” என்று ஒரே புலம்பல். அவன் அப்பாவோ, படிக்க வாங்கிய கம்ப்யூட்டரை விற்றுவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். போய்ப் பார்த்தால் பையன் சொன்னது சரி. விலை குறைந்த பல கீபோர்டுகளில் சில கீகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது கீ வேலை செய்யாது. நீங்களும் சோதிக்கலாம். நோட்பேடில் நாலு வரி டைப் செய்து, மேல் அம்பு, இடது அம்பு இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி ஸ்பேஸ் பாரைத் தட்டவும். இடைவெளி விழவில்லை என்றால் கீபோர்டின் குறைதான். கேமின் ஆப்ஷன்ஸ் பகுதியில் சுடுவதற்கு கண்ட்ரோல் கீயை அமைத்திடவும். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஷிப்ட் கீயை அமைத்தால் வேறு தொல்லை. அதனை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பற்றி ஒரு கட்டம் குறுக்கே வந்து ஆட்டத்தைக் கெடுக்கும். விண்டோஸ் 11 எனில் செட்டிங்ஸ், அக்செஸிபிலிடி, கீபோர்டு என்று சென்று அந்தக் குறுக்கு வழியை நிறுத்திடலாம். பழைய டாஸ் கேம் சில புதிய கம்ப்யூட்டரில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அவை அன்றைய ப்ராசசரின் வேகத்தை நம்பி எழுதப்பட்டவை. டாஸ்பாக்ஸ் என்ற இலவச புரோகிராமில் இயக்கி, கண்ட்ரோலுடன் எப் 11 அழுத்தினால் வேகம் குறையும். எப் 12 அழுத்தினால் கூடும்.

எதில் தொடங்கலாம்? இன்டராக்‌ஷன் ஸ்டுடியோஸ் 1999ல் தொடங்கிய சிக்கன் இன்வேடர்ஸ் வரிசையைச் சொல்வேன். விண்வெளியிலிருந்து கோழிகள் படையெடுத்து முட்டைகளைக் குண்டாகப் போடும். நாமக்கல்லையும் பல்லடத்தையும் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி ஏது? 2002ல் வந்த இரண்டாம் பாகத்தில் 110 அலைகள். புளூட்டோவில் தொடங்கி சூரியனில் முடியும். ஒரே கம்ப்யூட்டரில் இருவர் சேர்ந்து ஆடலாம். இலவசமாக வேண்டுவோர் ஜப்பானின் கென்டா சோ 2004ல் தந்த டுமிகி ஃபைட்டர்ஸ் கேமைத் தேடிப் பார்க்கவும். இதில் உடைத்த எதிரியின் துண்டுகளை உங்கள் விமானத்தில் ஒட்டிக் கொண்டு சுடலாம்.

கடைகளில் நின்ற அசல் கேம்களை இயக்க 1997ல் வந்த மேம் என்னும் புரோகிராம் உதவும். புரோகிராம் இலவசம்; ஆனால் பெரும்பாலான கேம் பைல்களுக்குக் காப்புரிமை உண்டு. உரிமையாளர்களே அனுமதி தந்த சில பழைய கேம்கள் மேம் குழுவின் தளத்திலேயே கிடைக்கின்றன. வேறு தளங்களில் கேம் பைல் என்ற பெயரில் வைரஸ் வருவது சகஜம் என்பதால், அந்தத் தளத்தைத் தாண்ட வேண்டாம்.

எந்த கேமாக இருந்தாலும், தோற்றவுடன் “கன்டினியூ?” என்று கேட்கும்போது முதல் ஒரு வாரத்துக்கு “நோ” கொடுத்து முதலிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். வீட்டில் காசு போட வேண்டியதில்லை என்பதால் “எஸ்” அழுத்திக் கொண்டே போனால் ஒரே மாலையில் கடைசி வரை போய்விடலாம். ஆனால் இரண்டாம் கட்டத்தில் எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான் என்பது அப்போதும் தெரிந்திருக்காது.