ஒரு போஸ் மலிவு, மற்றவை?

அமெரிக்கப் பெருங்கடைகளுக்குள் குடும்பப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைப்பது நெடுநாள் வழக்கம். கூப்பனில் சொற்ப விலை போட்டிருக்கும். பெரும்பாலும் அது ஒரே போஸுக்குத்தான். சில இடங்களில் குழந்தையைப் பலவிதமாக உட்காரவைத்து எடுத்துத் தள்ளுவார்கள். பிறகு அத்தனையையும் தாயாருக்குக் காட்டி, "இந்த விலை இன்றைக்கு மட்டுந்தான், வாங்காத படங்களை அழித்துவிடுவோம்" என்பார்கள். பெற்ற மனம் கேட்குமா? அரிசி கட்டுபடியாகாவிட்டால் அடுத்த கடை உண்டு. தன் பிள்ளையின் சிரிப்பு அடுத்த கடையில் கிடைக்காது.

நாமும் சர்க்கரையை அடக்க விலைக்குக் கொடுத்து ஆள் சேர்க்கிறோம். அதை மட்டும் வாங்கிப் போகிறவரை மறிப்பதில்லை. நாளைக்கும் அவர் வரவேண்டுமே!

சியர்ஸ், வால்மார்ட் கடைகளில் ஸ்டூடியோ நடத்திய சி.பி.ஐ. நிறுவனம், வீட்டுக்கு வீடு டிஜிட்டல் கேமரா வந்தபின் நொடித்து, 2013 ஏப்ரலில் அமெரிக்க ஸ்டூடியோக்களை மூடியது.