கிலோவுக்கு 6.25 கோடி கடன்!

மெக்கானிக்ஸ் பேப்பரில் பல பேர் சறுக்குற இடம், கிராவிடேஷனல் பொட்டன்ஷியல் கணக்கு. ஃபார்முலா என்னவோ சின்னதுதான்... மைனஸ் ஜிஎம் பை ஆர். ஆனா, அந்த மைனஸ் எங்கிருந்து வந்துச்சுனு வைவாவில் கேட்டா, நம்மில் பாதிப் பேர் சீலிங் ஃபேனைப் பார்ப்போம்!

ஹாஸ்டல் மெஸ் பாக்கியை நினைச்சுக்குங்க. கடனே இல்லாதவன் கணக்கு ஜீரோ. பாக்கி வெச்சவன் கணக்கு மைனஸ். இங்கேயும் அதேதான். பூமியை விட்டு முடிவிலித் தூரத்தில் இருக்கிற பொருளுக்குப் பொட்டன்ஷியல் ஜீரோனு வெச்சுக்கிறோம். அங்கேயிருந்து பூமிப் பக்கம் வர வர பாக்கி ஏறும்.

தரையில் நிக்கிற நமக்கு எவ்வளவு பாக்கி? பூமியோட ஜிஎம் மதிப்பு 3.986 × 10¹⁴. அதை ஆரம் 6,371 கிலோமீட்டரால் வகுங்க (மீட்டருக்கு மாத்த மறந்தா மார்க் போச்சு!). கிலோவுக்கு மைனஸ் 6.25 கோடி ஜூல். கரன்ட் பில் பாஷையில் சுமார் 17 யூனிட். 60 கிலோ ஆசாமினா, ஆயிரம் யூனிட் சொச்சம் கட்டினாத்தான் பூமி விடும். காத்துத் தடையை மறந்துட்டு, அதை ஒரே மூச்சில் கட்டத் தேவையான வேகம்தான் விநாடிக்கு 11.2 கிலோமீட்டர்.

'ஸ்கூலில் படிச்ச எம்ஜிஹெச் போதாதா பாஸ்?'

போட்டுப் பார்த்துடுவோம். 2023 ஜூலை 14-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பின சந்திரயான்-3, முதலில் சுத்தின பாதையோட உச்சி சுமார் 36,500 கிலோமீட்டர் உயரம். எம்ஜிஹெச்சில் போட்டா கிலோவுக்கு 35 கோடி ஜூலுக்கு மேல வருது. பூமியை விட்டே ஓடிப்போக 6.25 கோடி போதும்னா, நடுவழிக்கு எப்படி 35 கோடி? கோளாறு ஜி-யில் இருக்கு. மேலே போகப் போக ஜி குறையும். நாம அதை 9.8-லேயே கட்டிப்போட்டுட்டோம்.

ஒழுங்கா போடுவோம். உயரத்தோட பூமியின் ஆரத்தையும் கூட்டினா 42,871 கிலோமீட்டர். அங்கே பொட்டன்ஷியல் மைனஸ் 0.93 கோடி. ஆக, ஏறினது 5.3 கோடி (பாதையில் ஓடுற வேகத்துக்கான ஆற்றல் தனிக் கணக்கு). நிலா இருக்கிறதோ சராசரியா 3,84,400 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தாண்டலை... ஆனா கடனில் 85 சதவிகிதம் அடைஞ்சாச்சு! ராக்கெட் படுற பாடெல்லாம் ஆரம்பத்தில்தான். 3.9 டன் விண்கலத்தை அனுப்ப 640 டன் ராக்கெட். அதில் பெரும்பகுதி எரிபொருள். பின்னே, எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேணுமே!

நிலா இந்த விஷயத்தில் ரொம்ப தாராளம். அங்கே கிலோவுக்கு 28 லட்சம் ஜூல்தான் பாக்கி.

அதுக்காக எம்ஜிஹெச்சைத் தூக்கிப் போட்டுடாதீங்க. 2023 செப்டம்பர் 3-ம் தேதி விக்ரம் லேண்டர் மறுபடி இன்ஜினைப் பத்த வெச்சு, நிலாத் தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, பக்கத்திலேயே பத்திரமா உட்கார்ந்துச்சே... அந்த உயரத்துக்குள்ள ஜி மாறவா போகுது? நிலாவோட 1.62-ஐப் போட்டா கிலோவுக்கு 0.65 ஜூல். ஒரே வரியில் கணக்கு முடிஞ்சுது!