தராசு காட்டுவது எடையா, நிறையா?

நெல் மூட்டையைத் தராசில் ஏற்றியதும் எல்லோர் கண்ணும் முள்ளின் மீதுதான் இருக்கும். அந்த முள் எதைக் காட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. நிறை, எடை இரண்டையும் பேச்சு வழக்கில் ஒன்றாகவே சொல்கிறோம். உண்மையில் இவை வேறு வேறு.

மூட்டைக்குள் உள்ள பொருளின் அளவே நிறை. அதைப் பூமி இழுக்கும் விசை எடை. அதே மூட்டையை நிலாவுக்குக் கொண்டுபோனால் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும். நிறை மாறாது, ஒரு மணி நெல்லும் குறையாது.

நிலா வரை போவானேன்? பாரம் ஏற்றிய டயர் வண்டியைப் பாருங்கள். சமதரையில் பாரத்தைச் சக்கரமும் சாலையும் தாங்குகின்றன. ஆயினும் கிளப்பும்போது மாடுகள் திணறுகின்றன. ஓடும் வண்டியைச் சட்டென்று நிறுத்தவும் முடிவதில்லை. உராய்வு ஒருபுறமிருக்க, அங்கே மல்லுக்கு நிற்பது நிறைதான்.

இனி தராசுக்கு வருவோம். இரண்டு தட்டுத் தராசு, சரக்கைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. பூமியின் இழுப்பு இரு தட்டுக்கும் ஒன்றே. ஆகவே அது காட்டுவது நிறை. சுருள்வில் தராசும் மின்னணுத் தராசும் இழுப்பை அளந்து, அதைக் கிலோவாக மாற்றிச் சொல்கின்றன. சென்னையில் சரிபார்த்த மின்னணுத் தராசை உதகைக்கு ஏற்றிச் சென்றால் சற்றே குறைத்துக் காட்டும். ஆனால் 100 கிலோவுக்கு அந்தக் குறைவு 100 கிராமைக்கூட எட்டாது. உழவருக்கு இழப்பு வருவது இதனால் அல்ல. தளர்ந்த வில், சமமில்லாத தரை, பூச்சியத்தில் நில்லாத முள் ஆகியவற்றால்தான்.

தட்டுத் தராசிலும் சூது உண்டு. கோலின் ஒரு கை சற்று நீண்டிருந்தால், வெறும் தட்டு சமமாக நின்றாலும் நிறுவை பிசகும். சந்தேகமிருந்தால் சரக்கையும் கல்லையும் தட்டு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். முதலில் 50 கிலோ, மாற்றியபின் 48 கிலோ என்றால் உண்மை நிறை ஏறக்குறைய 49 கிலோ. மின்னணுத் தராசானால் முத்திரையிட்ட படிக்கல் ஒன்றை வைத்துப் பார்த்துவிடலாம். முத்திரை பற்றிய புகாரைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் தெரிவிக்கலாம்.

“காயவைத்தேன், எடை குறைந்துவிட்டது” என்று பலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். இங்கே குறைந்தது நிறையே; நீர் ஆவியாகிப் போய்விட்டது. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 80 கிலோ. ஈரம் 14 சதவீதமாகும் வரை காயவைத்தால் கையில் நிற்பது 93 கிலோ. அந்த 80 கிலோ அப்படியேதான் இருக்கிறது.

ஈரத்துக்காக வியாபாரி கழிக்கும்போது இந்தக் கணக்கு மிகவும் பயன்படும். 20 சதவீத ஈர நெல்லை 17 சதவீதக் கணக்கில் எடுப்பதாகச் சொன்னால், 80ஐ 83ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 96.4 கிலோ வரும். 3 சதவீதம்தானே, 3 கிலோ போதும் என்று நாம் வாதிடுவதும் சரியல்ல. 100 கிலோவுக்கு 3.6 கிலோ கழிப்பதுதான் நியாயம். 5 கிலோ கழிப்பவரிடம் இதே கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி, மீதி 1.4 கிலோவுக்கு விலை கேளுங்கள்.