கண்ணாடியில் தெரியலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா?



போன மாதம் பட்டினச்சேரியில் குழுக்கூட்டம் முடிந்ததும் ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்த்தோம். மீன் ஏற்ற வந்து நின்ற குட்டியானை வண்டியின் டிரைவர் தம்பியிடம் கேட்டு, கார் ஓட்டப் பழகிவரும் நம் உறுப்பினர் ஒருவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். வண்டி ஓடவில்லை, சாவி எங்கள் கையில்தான் இருந்தது. பன்னிரண்டு பேர் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு, "யார் யார் தெரியுறோம்னு சொல்லும்மா" என்று கேட்டோம்.

அவர் எண்ணியது ஏழு பேர். வண்டிக்குப் பின்னால் நின்ற மூன்று பேர் தெரியவில்லை. இடது பக்கம் கதவுக்குக் கொஞ்சம் பின்னால் நின்ற அக்கா தெரியவில்லை. முன்பக்கம் குனிந்து கூடையை எடுத்தவரும் தெரியவில்லை. "ஐயோ, அங்கதான் நிக்கிறீங்களா?" என்று அவர் கேட்க, "உன் பக்கத்துலயேதான்டி நிக்கிறேன்" என்றார் அந்த அக்கா. எல்லோரும் சிரித்தோம். ஆனால் வண்டி ஓடிக்கொண்டு இருந்திருந்தால்? அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கண்மறைவு என்றால் என்ன?

டிரைவர் நேரே பார்த்தாலும் தெரியாது, கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது, அப்படிப்பட்ட இடம் எல்லா வண்டியைச் சுற்றியும் உண்டு. டிரைவர்கள் இதை 'பிளைண்ட் ஸ்பாட்' என்பார்கள். நாம் கண்மறைவு என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் தரையை ஒட்டிய இடம், பின் சீட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள இடம், முன் கண்ணாடியின் இரு ஓரத்திலும் உள்ள தூண் மறைக்கும் இடம் ஆகியவை முக்கியமானவை. நம் நாட்டில் டிரைவர் வலது பக்கம் உட்காருவதால் இடது பக்கக் கண்மறைவு பெரிது.

பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் வளைந்திருக்கும். அதனால் அதிக இடம் காட்டும். ஆனால் வண்டிகளைச் சின்னதாகவும் தூரத்தில் இருப்பது போலவும் காட்டும். "தூரத்துலதான் வருது" என்று நம்பித் திரும்பக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் வந்துவிடும்.

காரில் கண்ணாடியே இல்லாத காலமும் இருந்தது. 1909-இல் டோரதி லெவிட் என்ற இங்கிலாந்துப் பெண், கார் ஓட்டும் பெண்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். ஒரு சின்னக் கைக்கண்ணாடியைக் கூடவே வைத்துக்கொண்டு, அவ்வப்போது உயர்த்திப் பின்னால் வருவதைப் பாருங்கள் என்று அதில் யோசனை சொன்னார். முகம் பார்க்கும் கண்ணாடியை உயிர் காக்கும் கண்ணாடியாக்கச் சொன்னவர் ஒரு பெண் என்பதில் நமக்குப் பெருமைதான்.

ஒரு பிள்ளையின் உயிர்

2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே, பள்ளி வேனைப் பின்னால் எடுத்தபோது இரண்டாம் வகுப்புச் சிறுவன் அடிபட்டு இறந்து போனான். அதன் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் ஆள் இருந்தால் ஒலி எழுப்பும் கருவியும் வைக்க வேண்டும் என்று விதியைத் திருத்தியது. கார்களைப் பொறுத்தவரை, 2019 ஜூலை முதல் இந்தியாவில் தயாராகும் புதிய கார்களில் ரிவர்ஸ் எடுக்கும்போது எச்சரிக்கும் கருவி கட்டாயம். பழைய கார்களிலும் பல சரக்கு வண்டிகளிலும் அது இருக்காது. நம் தெருவுக்குள் வந்து பின்னால் போகிற வண்டிகள் பெரும்பாலும் இவைதான்.

வண்டி ஓட்டும் தோழிகளுக்கு

1. ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அடியில் குழந்தை, ஆடு, கோழி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

2. வலது கண்ணாடியைச் சரிசெய்யும்போது, தலையை வலது ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். காரின் பக்கவாட்டு கண்ணாடியின் ஓரத்தில் துளி மட்டும் தெரியும்படி கண்ணாடியை வெளியே திருப்புங்கள். இடது கண்ணாடிக்கு, காரின் நடுப்பக்கம் சாய்ந்து அதே போல வையுங்கள். 1995-இல் ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் விளக்கி எழுதிய முறை இது. உள் கண்ணாடியில் பின்பக்கம் நன்றாகத் தெரியும் காருக்கு மட்டும்தான் இது சரிவரும்.

3. பக்கம் மாறும் முன் இண்டிகேட்டர் போடுங்கள், கண்ணாடி பாருங்கள், பிறகு கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை பாருங்கள். ஒரு நொடி போதும்.

4. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவரை இறக்கிவிட்டு, வலது கண்ணாடியில் தெரியும் இடத்தில், வண்டி வரும் வழியை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் உடனே பிரேக் போடுங்கள்.

5. கதவைத் திறக்கும் முன் பின்னால் சைக்கிள் வருகிறதா என்று பாருங்கள்.

நடந்து போகும் நமக்கு

நம்மில் பலர் ஓட்டுகிறவர்கள் இல்லை. கூடையோடு நடக்கிறோம், ஸ்கூட்டியில் போகிறோம், ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறோம். காரைக்கால் - நாகப்பட்டினம் ரோட்டில் எப்போதும் போக்குவரத்து உண்டு. வாஞ்சூரில் 2009-இல் துறைமுகம் தொடங்கிய பிறகு நிலக்கரி லாரிகளும் சேர்ந்துகொண்டன. லாரிக்காரர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மூக்குக்குக் கீழே நிற்கிற நாம் அவருக்குத் தெரிய மாட்டோம்.

ஆகவே ஒரே ஒரு கணக்கை மனசில் வையுங்கள். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அவருக்குத் தெரியவில்லை. நிற்கிற லாரிக்கு முன்னால் ஒட்டிக் கடக்காதீர்கள். இடது பக்கம் திரும்பப் போகிற லாரிக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவில் ஸ்கூட்டியை நுழைக்காதீர்கள். திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்ளே தள்ளி வரும், நாம் ஒதுங்க இடம் இருக்காது.

"ஹாரன் அடிச்சிருக்கலாமே, பார்த்து வந்திருக்கலாமே" என்று பிறகு சண்டை போடலாம். போன உயிர் வராது.

அடுத்த கூட்டத்தில், சேமிப்பு வாங்கி முடித்ததும், நிற்கிற வண்டி ஒன்றைச் சுற்றி நீங்களும் இந்தப் பரீட்சையை வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வந்து டிரைவர் சீட்டில் உட்கார வையுங்கள். "அம்மா, நீ தெரியலையே" என்று பிள்ளை தன் வாயால் சொன்னால், வண்டிக்குப் பின்னால் விளையாடாதே என்று நூறு தடவை சொல்ல வேண்டியதில்லை. ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்கு ஒருவர் இறங்கி நின்று பார்க்க வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதி, தெருவுக்கு வரும் டிரைவர்களிடமும் சொல்லுங்கள். எத்தனை பேர் தெரிந்தார்கள், எத்தனை பேர் மறைந்தார்கள் என்று எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.