ஒடியல் மா: பயனும் பக்குவமும்

தென்னமெரிக்காவின் பெரு நாட்டு மலைகளில் விளையும் 'மக்கா' எனும் கிழங்கின் மா, உடலுக்கு வலுவூட்டும் அரும்பொருள் என்ற விளம்பரத்துடன் இன்று உலகெங்கும் விற்பனையாகின்றது. ஆனால், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நிற்கும் பனைகள் தரும் கிழங்கு மாவைப் பற்றி நாம் எவ்வளவு அறிந்திருக்கின்றோம்? அதன் பயனையும், அதனினும் முக்கியமாக அதனை உண்ணும் பக்குவத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் இது.

பனம் விதைகளைப் பாத்தியிலிட்டுச் சில மாதங்களின் பின் கிண்டியெடுப்பதே பனங்கிழங்கு. அதனைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்த பின் உலர்த்தினால் புழுக்கொடியல். இரண்டையும் இடித்து மாவாக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றினும், ஒன்று பச்சை மா, மற்றையது வெந்த மா என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இம்மாவின் பெரும்பகுதி மாப்பொருளாகும். நார்ச்சத்து உண்டு; கொழுப்பு மிகக் குறைவு. கோதுமையிலுள்ள குளூட்டன் எனும் புரதம் இதில் இல்லை. எனவே கோதுமை ஒவ்வாதவர்க்கும் இது ஏற்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை ஏறியபோது, சொந்த மண்ணின் கிழங்குகளது பெறுமதியை நாம் நேரிற் கண்டோம். எனினும் ஒடியல் மாவிற் புரதம் போதியதன்று. மீன், நண்டு, இறால், பயிற்றை, கீரை என்பவற்றைச் சேர்த்து ஒடியற்கூழ் காய்ச்சிய முன்னோர் அக்குறையை நிரப்பியே உண்டனர். மாப்பொருள் மிகுந்த உணவாதலால் நீரிழிவு நோயாளர் இதனை அளவறிந்தே உண்ணல் வேண்டும்.

இனி, பலரும் பேசாத ஒரு விடயத்துக்கு வருவோம். 1971 ஆம் ஆண்டில் பேராதனையைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர்கள், பனங்கிழங்கு மா ஊட்டப்பட்ட எலிகளின் ஈரலிற் பாதிப்பு ஏற்பட்டதை பிரித்தானிய ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். அம்மாவினால் எலிகளின் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மாவை வெப்பப்படுத்துவதால் இந்நரம்புப் பாதிப்பு நீங்குகின்றது என்பது 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின் முடிவாகும். எலிகளிற் கண்டது மனிதர்க்கும் அப்படியே பொருந்தும் என்று கூறிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக நம்மவர் ஒடியற் பிட்டும் கூழும் உண்டே வந்துள்ளனர். ஆயினும் அவர்கள் பச்சை மாவை உண்ணவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, கைப்பு நீரை வடித்துப் பிழிந்தெடுத்து, பின்னரே ஆவியில் அவிப்பதோ கொதிக்கக் காய்ச்சுவதோ வழக்கம். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, மூடாத பாத்திரத்தில் அவிக்கும் எச்சரிக்கையும் இவ்வகைப்பட்டதே. மக்காவையும் அம்மலைவாசிகள் பெரும்பாலும் சமைத்தே உண்கின்றனர். ஆனால் இன்று மா பொதியிலடைக்கப்பட்டுக் கடைக்கும் கடல்கடந்தும் செல்கின்றது. பாட்டியிடம் பக்குவம் கேட்டறியாத ஒருவர் அதனைப் பச்சையாகவே பாலிற் கரைத்துப் பருகினால் என்னாவது? மா பயணம் செய்கின்றது. பக்குவம் வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. ஆபத்து இங்குதான் இருக்கின்றது.

ஆகவே, ஒடியல் மாவை ஊறவைத்து நீரை வடித்த பின், நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். கைப்பு நீங்கிவிட்டது என்பதற்காக வேகவைப்பதைக் கைவிடலாகாது. அன்றாடம் மூன்று வேளையும் இதனையே உண்ணாது, பிற உணவுகளுடன் மாற்றி மாற்றி உண்பதே நன்று. ஈரல் நோயுடையோரும் கர்ப்பிணித் தாய்மாரும் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது உசிதம். வாவிக்கரையின் மாரிக்கால ஈரலிப்பில் ஒடியல் எளிதிற் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவி உலர்த்திப் பயன்படுத்தாது எறிந்துவிட வேண்டும்.

ஒடியல் மா பல ஏழைக் குடும்பங்களின், குறிப்பாகப் பெண்களின் வருவாய்க்கு வழியாக இருப்பது. அச்சமூட்டி அவ்வழியை அடைப்பது நமது நோக்கமன்று. மாறாக, 1978 முதல் இயங்கிவரும் பனை அபிவிருத்திச் சபையும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் சுகாதாரத் துறையினரும் இணைந்து, மாவைப் பாதுகாப்பாகப் பதப்படுத்தும் முறைகளை உற்பத்தியாளரிடம் கொண்டு செல்ல வேண்டும். பச்சை மாவா, புழுக்கொடியல் மாவா என்பதும், சமைக்கும் முறையும் ஒவ்வொரு பொதியிலும் தெளிவான தமிழில் அச்சிடப்படல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது மாவை மட்டுமன்று, அதன் பக்குவத்தையுமே. இரண்டையும் சேர்த்தே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நமது கடமையாகும்.